வழி சொன்னவர் யார்?

2021 அக்டோபர் 4, திங்கட்கிழமை. இரவு ஒன்பது மணியைத் தாண்டியதும் வாட்ஸ்அப் நின்றுபோனது. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் கூடவே நின்றன. கைபேசியை அணைத்துப் போட்டுப் பார்த்தவர்கள், வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கிச் செருகியவர்கள், ரீசார்ஜ் காலம் முடிந்துவிட்டதோ என்று தேடியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஏறத்தாழ ஆறு மணி நேரம் கழித்துத்தான் எல்லாம் திரும்பி வந்தன. ஏன் நின்றது என்று கேட்டால் பலரும் சொன்ன பதில், "சர்வர் டவுன்."

அந்தப் பதில் முழு உண்மை அல்ல. ஃபேஸ்புக்கின் கணினிக் கூடங்களில் மின்சாரம் இருந்தது. நம்முடைய படங்களும் செய்திகளும் பத்திரமாக இருந்தன. இல்லாமல் போனது வழி. பராமரிப்புப் பணியின்போது இட்ட ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் உள்வலையைத் துண்டித்துவிட்டது. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் அதன் சேவையகங்கள், தங்கள் கூடங்களை எட்ட முடியாததைக் கண்டு, "எங்களிடம் வர இதுதான் வழி" என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த அறிவிப்பைத் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டன. அறிவிப்பு போனதும் உலகின் எந்த மூலையிலிருந்தும் அங்கே போக வழி தெரியவில்லை.

ஒரு நிறுவனம் தானே பேச்சை நிறுத்தியதால் காணாமல் போன கதை இது. சம்பந்தமில்லாத வேறொருவர் பேசியதால் ஒரு தளம் காணாமல் போவதும் நடக்கும். அந்த இரண்டாவது வகைதான் இந்த அத்தியாயத்தின் பொருள். அதில் பாதிக்கப்பட்டவர் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார். தன்னைக் காத்துக்கொள்ள அவர் கையில் பெரிதாக ஒன்றும் இருக்கவும் இருக்காது.

நடுவில் யாரும் இல்லை

இணையம் என்பது ஒரே வலை அல்ல. தனித்தனி நிர்வாகத்தில் இயங்கும் 70,000க்கும் மேற்பட்ட வலையமைப்புகள் ஒன்றோடொன்று இணைந்த கூட்டம் அது. உங்கள் வீட்டுக்கு இணைப்புத் தரும் நிறுவனம் ஒரு வலையமைப்பு. கூகுள் ஒன்று. பெரிய வங்கிகள், பல்கலைக்கழகங்கள் சிலவும் அப்படியே. இவை ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் உண்டு. ஒவ்வொன்றிடமும் சில முகவரித் தொகுதிகள் உண்டு. தொகுதி என்றால் 256, 1024 என்று வரிசையாக அமைந்த எண் முகவரிகளின் கட்டு.

சென்னையில் ஒரு கைபேசியிலிருந்து கிளம்பும் தரவு கலிஃபோர்னியாவில் உள்ள ஒரு கணினிக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் நாலைந்து வலையமைப்புகளைக் கடக்க வேண்டியிருக்கலாம். வழியைத் தீர்மானிக்கும் தலைமை அலுவலகம் எதுவும் கிடையாது. முழு வரைபடம் யார் கையிலும் இல்லை. ஒவ்வொரு வலையமைப்பின் எல்லையிலும் நிற்கும் ரூட்டர்கள், பக்கத்து வலையமைப்பின் ரூட்டர்களோடு ஓயாமல் பேசிக்கொள்கின்றன. "இந்த முகவரித் தொகுதி என்னுடையது, இதற்கு வருவதை என்னிடம் அனுப்பு" என்று ஒன்று அறிவிக்கும். கேட்ட வலையமைப்பு தன் எண்ணை முன்னால் சேர்த்து, தன் அண்டையாரிடம் சொல்லும். அவர் தன் எண்ணைச் சேர்த்து அடுத்தவரிடம் சொல்வார். இப்படியே சில நிமிடங்களில் உலகம் முழுக்கச் செய்தி பரவிவிடும். இந்தப் பேச்சுக்கான நெறிமுறையின் பெயர் பிஜிபி. தமிழில் எல்லை நுழைவாயில் நெறிமுறை எனலாம்.

ஒரே முகவரிக்கு இரண்டு அறிவிப்புகள் வந்தால் எதை நம்புவது? இங்கே இரண்டு விதிகளை மனத்தில் இருத்திக்கொண்டால் மீதி அத்தியாயம் எளிது.

முதல் விதி: சிறிய தொகுதிக்கான அறிவிப்பே வெல்லும். ஒருவர் 1024 முகவரிகளுக்கு வழி சொல்கிறார், இன்னொருவர் அதற்குள் அடங்கிய 256 முகவரிகளுக்கு மட்டும் வழி சொல்கிறார் என்றால், அந்த 256க்கும் இரண்டாமவர் சொன்ன வழிதான். எல்லா ரூட்டரும் இப்படித்தான் இயங்குகிறது, இதில் விலக்கே இல்லை. விதிக்கு நல்ல நோக்கம் உண்டு. பெரிய நிறுவனம் ஒன்று தன் கிளை அலுவலகத்தின் முகவரிகளை மட்டும் வேறு வழியாக அனுப்ப விரும்பினால் அதற்கு இது உதவும்.

இரண்டாம் விதி: தொகுதிகள் ஒரே அளவாக இருந்தால், முதலில் அந்தந்த வலையமைப்பின் வணிக ஒப்பந்தங்கள் பேசும். அவையும் சமமாக இருந்தால், குறைந்த வலையமைப்புகளைக் கடக்கும் வழி தேர்வாகும்.

அறிவிப்பவர் உண்மையிலேயே அந்த முகவரிகளுக்கு உரியவர்தானா என்று பார்க்கும் விதி? பிஜிபி பிறந்தபோது அப்படி ஒன்று எழுதப்படவே இல்லை.

ஆஸ்டினில் ஒரு மதிய உணவு

1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இணையப் பொறியாளர்களின் கூட்டம் நடந்தது. இணையம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அப்போதிருந்த நெறிமுறை அந்த வளர்ச்சியைத் தாங்காது என்பது தெளிவாகிவிட்டது. ஐபிஎம் நிறுவனத்தின் யாகோவ் ரெக்டரும் சிஸ்கோவின் கிர்க் லாஹீடும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அங்கிருந்த காகிதக் கைத்துடைப்பான்களில் புதிய நெறிமுறையின் வரைவை எழுதினார்கள். அதே ஆண்டு ஜூனில் அது ஆவணமாக வெளிவந்தது. இன்றுள்ள பிஜிபி அதன் நான்காம் பதிப்பு.

அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அன்று இணையத்தில் இருந்தவை சில நூறு வலையமைப்புகள். பல்கலைக்கழகங்கள், ஆய்வுக்கூடங்கள். நடத்தியவர்களில் பலரும் ஒருவரையொருவர் நேரில் அறிந்தவர்கள். பொய் சொல்ல யாருக்கும் காரணம் இல்லை. அவசரமாகத் தேவைப்பட்டது வளரக்கூடிய ஒன்று, அதை அவர்கள் தந்தார்கள். சில நூறு வலையமைப்புகளுக்காக எழுதியது 70,000ஐத் தாண்டியும் ஓடுகிறதென்றால் அது பெரிய பொறியியல் சாதனை.

ஆனால் எச்சரிக்கை மணி சீக்கிரமே அடித்தது. 1997 ஏப்ரல் 25 அன்று, 7007 என்ற எண்ணுடைய சிறிய அமெரிக்க வலையமைப்பு ஒன்றின் ரூட்டர், இணையத்தின் பெரும்பகுதிக்குத் தானே சிறந்த வழி என்று அறிவித்தது. அறிவிப்புகள் சிறு சிறு தொகுதிகளாக உடைந்து வெளியேறியதால் முதல் விதிப்படி அவையே வென்றன. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, அமைப்பில் நேர்ந்த பிழைதான். இணையத்தின் பல பகுதிகள் சில மணி நேரம் தடுமாறின. 2021 ஏப்ரல் 16 அன்றும் இதே வகைப் பிழை நடந்தது. இந்தியாவின் வோடஃபோன் ஐடியா வலையமைப்பு ஒன்று, பிறருக்குச் சொந்தமான 30,000க்கும் மேற்பட்ட தொகுதிகளைத் தன்னுடையவை என்று தவறுதலாக அறிவித்தது. இரண்டுக்கும் இடையே 24 ஆண்டுகள்.

2008 பிப்ரவரி 24: இரண்டேகால் மணி நேரம்

நெறிமுறையின் குறை எப்படி வெளிப்படும் என்பதை ஒரே நிகழ்வில் முழுதாகப் பார்த்துவிடலாம். வல்லுநர்கள் இன்றுவரை பாடமாகச் சொல்லும் நிகழ்வு இது.

யூடியூபில் இருந்த ஒரு காணொளி காரணமாக, அந்தத் தளத்தை நாட்டுக்குள் தடுக்கும்படி பாகிஸ்தான் அரசு இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. நாட்டின் பெரிய நிறுவனமான பாகிஸ்தான் டெலிகாம் அதைச் செயல்படுத்தத் தேர்ந்த முறை எளியது. யூடியூபின் முகவரிகளுக்குத் தன் வலைக்குள் ஒரு பொய் வழியை ஏற்படுத்தியது. அந்த வழியில் போகும் தரவு எங்கும் சேராது, ரூட்டரிலேயே தூக்கி எறியப்படும். இந்தப் பொய் வழி நாட்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். அது வெளியே கசிந்தது.

எண்களோடு பார்ப்போம். யூடியூபின் வலையமைப்பு எண் 36561. 1024 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியை அது அறிவித்துவந்தது. பாகிஸ்தான் டெலிகாமின் எண் 17557. உலகப் பொது நேரம் மாலை 6.47க்கு, இந்தியக் கணக்கில் நள்ளிரவு 12.17க்கு, அந்த 1024க்குள் அடங்கிய 256 முகவரிகள் தன்னுடையவை என்று 17557 அறிவித்தது. யூடியூப் என்ற பெயர் சுட்டும் முகவரிகள் அந்த 256க்குள்தான் இருந்தன.

பாகிஸ்தான் டெலிகாமுக்கு வெளியுலக இணைப்புத் தந்த நிறுவனங்களில் ஒன்று ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ குளோபல். அதன் எண் 3491. வாடிக்கையாளர் சொன்னதை அது சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டு தன் அண்டையாருக்கெல்லாம் சொன்னது. அவர்களும் ஏற்றார்கள். சிறிய தொகுதி வெல்லும் என்ற விதி தன் வேலையைச் செய்தது. சில நிமிடங்களில் உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குக் கிளம்பிய தரவெல்லாம் பாகிஸ்தானை நோக்கித் திரும்பி, அங்கே அழிந்தது.

கலிஃபோர்னியாவில் இருந்த பொறியாளர்கள் என்ன செய்திருக்க முடியும்? அவர்களுடைய கணினிகளில் கோளாறு இல்லை. பழுது வேறொருவரின் ரூட்டரில், வேறொரு நாட்டில். இரவு 8.07க்கு, அதாவது முதல் அறிவிப்பு வந்து ஒரு மணி இருபது நிமிடம் கழித்து, யூடியூபும் அதே 256 முகவரிகளுக்குத் தனி அறிவிப்பு விட்டது. இப்போது இரண்டும் ஒரே அளவு. ஆகவே இரண்டாம் விதி. யூடியூபுக்கு அருகில் இருந்த வலையமைப்புகள் அதன் பக்கம் திரும்பின, மற்றவை பாகிஸ்தான் பக்கமே நின்றன. 8.18க்கு யூடியூப் இன்னும் ஒரு படி இறங்கி, 128 முகவரிகள் கொண்ட இரண்டு துண்டுகளாக அறிவித்தது. விதிப்படி இது எல்லாவற்றையும் வென்றிருக்க வேண்டும். ஆனால் 256க்கும் சிறிய தொகுதிகளைப் பல வலையமைப்புகள் ஏற்பதே இல்லை, அது அவர்களுடைய வழக்கம். எனவே பாதி வெற்றிதான்.

8.51 அளவில் பாகிஸ்தான் டெலிகாமின் அறிவிப்பில் 17557 என்ற எண் இன்னொரு முறை சேர்ந்து வந்தது. அந்த வழி ஒரு படி நீளமாகத் தோன்றியதால் மேலும் சிலர் யூடியூப் பக்கம் வந்தார்கள். இரவு 9.01க்கு 3491, பாகிஸ்தான் டெலிகாமிலிருந்து வந்த அறிவிப்புகளையெல்லாம் திரும்பப் பெற்றது. அத்தோடு முடிந்தது.

மொத்தம் 2 மணி 14 நிமிடம். நிகழ்வை முடித்துவைத்தது யூடியூப் அல்ல என்பதைக் கவனியுங்கள். அதன் முயற்சிகள் சேதத்தைக் குறைத்தன, அவ்வளவே. ஹாங்காங் நிறுவனம் மனம் வைத்ததும் முடிந்தது. அது தொடக்கத்திலேயே சரிபார்த்திருந்தால் ஆரம்பித்தே இருக்காது. கூகுள் என்ற பெரும் நிறுவனம் உரிமையாளராக இருந்தும் யூடியூபால் தன் முகவரியைத் தானே காத்துக்கொள்ள முடியவில்லை. இந்த ஏலாமை எனக்கு இன்றும் திகைப்பைத் தருகிறது.

பிழையும் திருட்டும்

பிழையால் இவ்வளவு நடக்குமென்றால், வேண்டுமென்றே செய்பவர்கள் சும்மா இருப்பார்களா? 2018 ஏப்ரல் 24 அன்று, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் அமேசான் நிறுவனத்தின் பெயர்ச் சேவைக்குரிய முகவரிகளில் சிலவற்றை அமெரிக்காவின் ஒஹையோவில் உள்ள ஒரு வலையமைப்பு வழியாக யாரோ தமதென்று அறிவித்தார்கள். முன்பு பார்த்த அதே உத்தி, 256 முகவரித் துண்டுகள். திருடர்களின் குறி மைஈதர்வாலட் என்ற மின்பணத் தளம். அந்தத் தளத்தின் முகவரி என்ன என்று கேட்டு வந்தவர்களைத் தங்கள் போலித் தளத்துக்கு அனுப்பினார்கள். உலாவி "இந்தத் தளத்தின் சான்றிதழ் நம்பத்தக்கதல்ல" என்று எச்சரித்தது. எச்சரிக்கையைத் தாண்டிப் போய்க் கடவுச்சொல் கொடுத்தவர்கள் பணத்தை இழந்தார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சுமார் 1,50,000 டாலர் மதிப்புள்ள மின்பணம் போயிற்று.

தவறுதலோ திட்டமோ, இப்படிப் பிறர் முகவரியைத் தனதென அறிவிப்பதை வழிக்கடத்தல் என்று அழைப்போம்.

முகவரிக்குப் பட்டா

வாடிக்கையாளர் சொல்வதை அப்படியே ஏற்காமல் வடிகட்ட வேண்டும் என்று பொறியாளர்களுக்கு 1990களிலேயே தெரியும். யார் எந்தத் தொகுதியை அறிவிப்பார்கள் என்று எழுதிவைக்கும் பொதுப் பதிவேடுகளும் அப்போதே தோன்றின. ஆனால் அவற்றில் சிலவற்றில் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம். பழைய பதிவுகளை யாரும் நீக்குவதில்லை. எழுதியவருக்கு உரிமை உண்டா என்று அங்கேயும் கேட்பாரில்லை. பொய்யைச் சரிபார்க்கும் ஏடே பொய்யாக இருக்கலாம் என்றால் அதை வைத்து யாரைத் தடுப்பது?

நிலத்துக்கு நாம் என்ன செய்கிறோம்? "இந்த மனை என்னுடையது" என்று ஒருவர் வாயால் சொல்வதை நம்பிப் பணம் கொடுப்பதில்லை, பட்டா கேட்கிறோம். பட்டா செல்லுபடியாகக் காரணம், அதைத் தந்தது நிலக் கணக்கை வைத்திருக்கும் வருவாய்த் துறை. இணைய முகவரிகளுக்கும் அப்படிக் கணக்கு வைத்திருப்பவர்கள் உண்டு. உலகைப் பிரித்து முகவரி வழங்கும் ஐந்து வட்டாரப் பதிவகங்கள். ஆசிய பசிபிக் பகுதிக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக், ஐரோப்பாவுக்கு ரைப் என்சிசி. இந்தியாவுக்கென ஏப்னிக்கின் கீழ் ஐஆர்ஐஎன்என் என்ற தேசியப் பதிவகமும் இயங்குகிறது. எந்தத் தொகுதியை யாருக்குக் கொடுத்தோம் என்பது இவர்களுக்குத் தெரியும். அப்படியானால் சான்று தர வேண்டியவர்களும் இவர்களே.

இந்த ஏற்பாட்டின் பெயர் ஆர்பிகேஐ. வளச் சான்றளிப்பு என்று சொல்லலாம். 2011 முதல் பதிவகங்கள் இந்தச் சேவையைத் தொடங்கின, 2012இல் அடிப்படை ஆவணங்கள் வெளியாயின. முகவரி வைத்திருப்பவருக்குப் பதிவகம் ஒரு மின்சான்றிதழ் தருகிறது. அதைக் கொண்டு அவர் ஒரு சிறு வாக்கியத்தில் கையொப்பமிடுகிறார்: இந்தத் தொகுதியை இந்த எண்ணுடைய வலையமைப்பு மட்டுமே தொடங்கி அறிவிக்கலாம், இந்த அளவுக்குக் கீழே துண்டாக்கக் கூடாது. இதைத் தொடக்கச் சான்று என்போம், பொறியாளர்கள் பேச்சில் ரோவா. கையொப்பம் கணிதத்தால் ஆனது. உரியவரிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவி இல்லாமல் அதைப் போட முடியாது. ஆனால் போட்டது சரியா என்று உலகில் யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

சான்றுகள் பொதுக் களஞ்சியங்களில் கிடக்கும். விருப்பமுள்ள வலையமைப்புகள் அவற்றை அடிக்கடி இறக்கி, கையொப்பங்களைச் சோதித்து, முடிவை மட்டும் தங்கள் ரூட்டர்களுக்குத் தருகின்றன. ஓர் அறிவிப்பு வந்ததும் ரூட்டர் மூன்றில் ஒரு முடிவுக்கு வரும். சான்றோடு பொருந்துகிறது என்றால் ஏற்கும். சான்று இருக்கிறது ஆனால் முரண்படுகிறது என்றால் தள்ளும். சான்றே இல்லை என்றால் வழக்கம்போல ஏற்கும்.

மூன்றாவது முடிவு பலவீனம்போலத் தோன்றும். என் பார்வையில் இந்த வடிவமைப்பில் இருக்கும் அறிவே அதுதான். சான்றில்லாதவற்றையெல்லாம் தள்ளு என்று விதித்திருந்தால், முதலில் செயல்படுத்திய வலையமைப்பு இணையத்தின் பெரும்பகுதியை இழந்திருக்கும், ஒருவரும் முன்வந்திருக்க மாட்டார்கள். இப்படி வைத்ததால் ஒவ்வொருவராகச் சேர முடிகிறது.

அதே இரவு, சான்றோடு

2008க்கே திரும்புவோம். 1024 முகவரிகளையும் 36561 மட்டுமே அறிவிக்கலாம், அதைத் துண்டாக்கக் கூடாது என்று யூடியூப் அன்று சான்று வெளியிட்டிருந்ததாகக் கொள்வோம். 17557இன் அறிவிப்பு இரண்டு வகையில் தவறு: எண்ணும் வேறு, அளவும் சிறிது. 3491 சான்றைப் பார்க்கும் நிறுவனமாக இருந்திருந்தால் பொய் முதல் அடியிலேயே நின்றிருக்கும். 3491 பார்க்கவில்லை, அதற்கு அடுத்த பெரிய நிறுவனங்கள் பார்த்தன என்றால் இரண்டாம் அடியில் நின்றிருக்கும். யாருமே பார்க்கவில்லை என்றால்? சான்று களஞ்சியத்தில் கிடந்திருக்கும், பொய் உலகம் சுற்றியிருக்கும்.

யூடியூப் பிறருடைய சான்றுகளையெல்லாம் கண்ணும் கருத்துமாகச் சோதித்துவந்திருந்தாலும் அந்த இரவில் அதற்குப் பயன் இல்லை. கையெழுத்திடுவது மட்டுமே உங்கள் வேலை. உங்களைக் காப்பது நீங்கள் பெயர்கூட அறியாத வலையமைப்புகள். அவர்களுக்கு இதில் என்ன லாபம் என்றால், தம் வாடிக்கையாளர்கள் போலி இடத்துக்குப் போய்ச் சேராமல் இருப்பார்கள், அவ்வளவுதான். இந்த லாபம் கணக்குப் புத்தகத்தில் தெரியாது. இத்தனை ஆண்டுகள் வேலை மெதுவாக நடந்ததற்குத் தொழில்நுட்பத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. அந்த இரவில் யூடியூப் கடைசி ஆயுதமாக 256, 128 என்று சிறு துண்டுகளை அறிவித்ததே, மேலே சொன்ன சான்று இருந்தால் அந்த அறிவிப்புகளும் தவறானவையாகித் தள்ளப்பட்டிருக்கும். புதிய சான்று வெளியிட்டு, அது உலகம் முழுக்க இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அப்படியானால் சிறு துண்டுகளுக்கும் முன்கூட்டியே அனுமதி எழுதிவைத்தால் என்ன? அது இன்னும் ஆபத்து. தொடக்கச் சான்று பார்ப்பது வழியின் தொடக்கத்தில் உள்ள எண்ணை மட்டும். திருடர் தன் எண்ணுக்குப் பின்னால் 36561 என்று பொய்யாக எழுதி, "நான் யூடியூபின் அண்டை" என்று 256 முகவரிகளை அறிவித்தால், சான்று அதை ஏற்றுக்கொள்ளும், சிறிய தொகுதி என்பதால் வெல்லவும் வெல்லும். எனவே எந்த அளவில் உண்மையிலேயே அறிவிக்கிறோமோ அந்த அளவுக்கு மட்டும் சான்று எழுத வேண்டும் என்பது 2022இல் வெளியான ஒரு நெறிமுறை ஆவணத்தின் அறிவுரை.

இந்த ஏற்பாடு நடைமுறையில் வேலை செய்கிறதா? 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சில நாட்களில் ட்விட்டர் தடுக்கப்பட்டது. அங்கேயும் ட்விட்டரின் 256 முகவரிகளுக்கு ஒரு நிறுவனம் ஏற்படுத்திய பொய் வழி வெளியே கசிந்தது. 2022 மார்ச் 28 அன்று ரஷ்ய வலையமைப்பு ஒன்று ட்விட்டரின் அதே 256 முகவரிகளை அறிவித்தது. அப்போது அந்தத் தொகுதிக்குத் தொடக்கச் சான்று இருந்தது, பெரிய நிறுவனங்கள் பல சான்றைப் பார்க்கத் தொடங்கியிருந்தன. அறிவிப்பு வெகுதூரம் போகவில்லை. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி 2019 பிப்ரவரியில் இந்தச் சோதனையைத் தொடங்கியது, ஜப்பானின் என்டிடியும் ஐரோப்பாவின் டெலியாவும் 2020இல் சேர்ந்தன. கண்டங்களுக்கிடையே தரவு சுமக்கும் இத்தகைய நிறுவனங்கள் ஒரு சில தள்ளினாலே பொய்யின் பாதை பெரிதும் அடைபட்டுவிடும்.

லாகோஸ் வழியாக கூகுள்

உரியவர்தான் அறிவிக்கிறார், ஆனால் வழி அபத்தம். இப்படியும் நடக்கும். 2018 நவம்பர் 12 அன்று நைஜீரியாவின் மெயின்ஒன் நிறுவனம், லாகோஸ் நகரில் கூகுளோடு தனக்கு இருந்த நேரடி இணைப்பின் வழியாகக் கேட்ட 200க்கும் மேற்பட்ட கூகுள் தொகுதிகளை, வடிகட்டியில் நேர்ந்த பிழையால் சீனா டெலிகாமுக்குச் சொல்லிவிட்டது. அங்கிருந்து அது ரஷ்யாவின் ட்ரான்ஸ்டெலிகாமுக்குப் போனது. 74 நிமிடங்கள், கூகுளுக்குப் போக வேண்டிய தரவில் ஒரு பகுதி ரஷ்யா, சீனா என்று சுற்றி நைஜீரியாவை நோக்கிப் போனது. பலருடையது சீனாவின் எல்லையிலேயே தொலைந்தது.

தொடக்கத்தில் இருந்தது கூகுளின் உண்மையான எண். தொடக்கச் சான்று இதில் குறை காணாது. இந்த வகைக்கு வழிக்கசிவு என்று பெயர். பிழை எங்கே? மெயின்ஒன் கூகுளிடம் கேட்டதைத் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லலாம். தனக்கு மேலே நின்று இணைப்புத் தருபவருக்குச் சொல்லக் கூடாது. சொன்னால், இரண்டு பெரிய வலையமைப்புகளுக்கு இடையே போகும் தரவைச் சிறிய வலையமைப்பு ஒன்று சுமக்க வேண்டியதாகிவிடும். யார் யாருக்கு வாடிக்கையாளர் என்பது இதுவரை ஒப்பந்தங்களில் மட்டும் இருந்தது, ரூட்டர்களுக்குத் தெரியாது.

அதை ரூட்டருக்குத் தெரிவிப்பதே தீர்வு. 2022 மே மாதம் வெளியான ஒரு நெறிமுறைப்படி, இணைப்பைத் தொடங்கும்போதே இரு ரூட்டர்களும் தங்களில் யார் இணைப்புத் தருபவர், யார் வாடிக்கையாளர் என்று சொல்லிக்கொள்கின்றன. மேலே திரும்பக் கூடாத அறிவிப்பில் ஒரு குறி இடப்படுகிறது. இன்னொரு யோசனை, ஒவ்வொரு வலையமைப்பும் "எனக்கு மேலே இணைப்புத் தருபவர்கள் இவர்கள் மட்டுமே" என்று கையொப்பமிட்டு வெளியிடுவது. ஆஸ்பா என்று அழைக்கப்படும் இந்த மேல்வலைச் சான்று சில ஆண்டுகளாக உருவாகிவருகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு வலையமைப்பும் தன் பங்குக்குக் கையொப்பமிடும் பிஜிபிசெக் என்ற கடுமையான முறை 2017இலேயே ஆவணமாயிற்று. ஆனால் இடையில் ஒருவர் சேராவிட்டாலும் சங்கிலி அறுந்துவிடும், ரூட்டர்களுக்குச் சுமையும் அதிகம். அது பரவவில்லை.

சாவி யாரிடம்?

சான்றை உலகம் நம்பத் தொடங்கியதும் சான்று எழுதும் அறையே தாக்குதலுக்கு இலக்காகிறது. 2024 ஜனவரி 3 அன்று, ரைப் என்சிசி பதிவகத்தில் ஆரஞ்ச் ஸ்பெயின் வைத்திருந்த கணக்கில் ஒருவர் திருட்டுத்தனமாக நுழைந்தார். எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. உள்ளே போனவர் தவறான எண்ணோடு தொடக்கச் சான்றுகளை எழுதினார். ஆரஞ்சின் உண்மையான அறிவிப்புகள் அந்தச் சான்றுகளோடு முரண்பட்டன. ஒழுங்காகச் சோதிக்கும் வலையமைப்புகளெல்லாம் அவற்றைத் தள்ளின. சில மணி நேரம் ஸ்பெயினில் ஆரஞ்ச் வாடிக்கையாளர்கள் பலர் இணையமின்றித் தவித்தார்கள். அதன் பிறகு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் பதிவகம் எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. முன்பே செய்திருக்க வேண்டிய காரியம்.

இருந்தும் திசை சரியானதுதான். 2024 மே மாதம், பழைய வகை (ஐபிவி4) முகவரித் தொகுதிகளுக்கான அறிவிப்புகளில் பாதிக்கு மேல் தொடக்கச் சான்று பெற்றிருந்தன. புதிய வகை (ஐபிவி6) முகவரிகள் அந்த அளவை முன்பே தாண்டிவிட்டன. சொந்த முகவரி வைத்திருக்கும் இந்தியக் கல்லூரியோ சிறு நகரத்து இணைப்பு நிறுவனமோ ஐஆர்ஐஎன்என் வழியாகச் சான்று எழுதிவைக்கலாம். அதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டு இணைப்பைத் தரும் நிறுவனம் சான்றைப் பார்க்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020இல் "இஸ் பிஜிபி சேஃப் யெட்" என்ற பெயரில் ஒரு சோதனைத் தளத்தைத் திறந்தது. அது இரண்டு தொகுதிகளை அறிவித்து வைத்திருக்கிறது. ஒன்று சான்றோடு பொருந்துவது, மற்றது வேண்டுமென்றே முரண்படுவது. பொத்தானை அழுத்தியதும் உங்கள் உலாவி இரண்டிலிருந்தும் ஒரு சிறு கோப்பைக் கேட்கும். முதலாவது மட்டும் வந்தால் உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே யாரோ சான்றைப் பார்க்கிறார்கள். இரண்டும் வந்தால், யாரும் பார்க்கவில்லை.